ஜே டில்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப்-ஹாப் கேட்கத் தொடங்குபவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு பெயரில் வந்து நிற்பார்கள், ஜே டில்லா. அவர் ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறார் என்று என்னிடம் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வேண்டிய கேள்விக்குத் தாவிப் போய்ப் படிக்கலாம்.

யார் இவர்?

அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரத்துக்காரர். முழுப்பெயர் ஜேம்ஸ் டிவிட் யான்சி. 1974 பிப்ரவரி 7-ல் பிறந்தார், 2006 பிப்ரவரி 10-ல், 32 வயது நிறைந்த மூன்றாம் நாள் காலமானார். 1990-களின் நடுவிலிருந்து சாகும்வரை ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி பாடல்களுக்குப் பீட், அதாவது பாட்டுக்குக் கீழே ஓடும் தாள இசை, செய்தவர். ராப்பும் பாடுவார், ஆனால் அவர் பெயர் நிலைத்தது பீட்டால்தான். முதலில் ஜே டீ என்ற பெயரில் வேலை செய்தார். அட்லாண்டாவின் இசைக்காரர் ஜெர்மைன் டுப்ரியையும் ஜே.டி. என்றே கூப்பிட்டதால் குழப்பம் வந்து, 2001 வாக்கில் ஜே டில்லா என்று மாற்றிக்கொண்டார்.

ப்ரொட்யூசர் என்றால் பணம் போடுபவரா?

சினிமாவில் அப்படி. ஹிப்-ஹாப்பில் ப்ரொட்யூசர் கிட்டத்தட்ட நம்மூர் இசையமைப்பாளர் மாதிரி. ட்ரம் எப்படி விழ வேண்டும், பேஸ் என்ற அடிச்சுருதி ஒலி எங்கே போக வேண்டும், எந்தப் பழைய ரெக்கார்டிலிருந்து எந்தத் துண்டை வெட்டி எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ராப்பர் வருவதற்கு முன்னாலேயே பீட் தயாராக இருக்கும், பீட்டைக் கேட்டுவிட்டுத்தான் பல ராப்பர்கள் வரியே எழுதுவார்கள்.

எங்கே கற்றுக்கொண்டார்?

வீட்டிலும் தெருவிலும்தான். அம்மா மொரீன் யான்சி ஆப்பரா பாடியவர், அப்பா பெவர்லி டிவிட் யான்சி ஜாஸ் பேஸ் வாசித்தவர், பாடவும் செய்வார். நகரின் வடகிழக்கில் கோனன்ட் கார்டன்ஸ் என்ற பகுதியில் வீடு. சின்ன வயதிலிருந்தே ரெக்கார்டு சேர்ப்பது, வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட் அறையில் கேஸட் டெக்கை வைத்து மணிக்கணக்கில் எதையாவது ஒட்டிப் பார்ப்பது, இதுதான் பொழுது.

அதே பகுதியில் ஆம்ப் ஃபிட்லர் என்றொரு கீபோர்டு கலைஞர் இருந்தார். ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் குழுவோடு ஊர் ஊராக வாசித்தவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தன் வீட்டுக்கு வந்து கருவிகளைத் தொட்டுப் பார்க்க அவர் அனுமதித்தார். யான்சி எம்பிசி என்ற இயந்திரத்தில் முதன்முதலாகக் கை வைத்தது அவரிடம்தான். ஆம்ப் ஃபிட்லர் 2023-ல் காலமானார். டில்லாவைப் பற்றிப் பேசும் பலர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம், ஏனென்றால் அந்த இயந்திரத்தின் விலைக்கு ஒரு இருபது வயதுப் பையன் அதைத் தொட்டுப் பார்க்கவே வேறு வழி கிடையாது. வீட்டுக் கதவைத் திறந்துவைத்த அந்த மனிதர் இல்லையென்றால் மீதிக் கதையே வேறு.

எம்பிசி, எம்பிசி என்கிறார்களே, அது என்ன?

சாம்பிளரும் (பதிவிலிருந்து ஒலித் துண்டு, அதாவது சாம்பிள், எடுக்கும் கருவி) சீக்வென்ஸரும் (தட்டியதைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவி) ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. ரோஜர் லின் என்ற பொறியாளர் ஜப்பானின் அக்காய் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. எம்பிசி60 1988-ல் வந்தது, எம்பிசி3000 1994-ல். மேலே 4-க்கு 4 என்று 16 ரப்பர் பட்டைகள், விரலால் தட்டலாம், எவ்வளவு அழுத்தித் தட்டுகிறோமோ அவ்வளவு சத்தம். ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை உள்ளே எடுத்து, அதை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பட்டையில் போட்டுக்கொண்டு புதிதாக வாசிக்கலாம். எம்பிசி60-ல் விரிவாக்கம் செய்யாமல் மொத்தம் 13 விநாடி ஒலிக்குத்தான் இடம். அந்த நெருக்கடியில்தான் ஒரு தலைமுறையே வேலை கற்றது. டில்லாவின் கை நன்றாகப் பழகியது எம்பிசி3000-ல்.

அவருடைய தாளத்தில் அப்படி என்ன விசேஷம்? குவாண்டைஸை அணைத்துவிட்டு வாசித்தார், அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் 'குவாண்டைஸை அணைத்துவிட்டார்' என்ற ஒரு வரி எல்லா இடத்திலும் சுற்றுகிறது, அது அவர் செய்த வேலையைச் சிறுமைப்படுத்துகிறது.

குவாண்டைஸ் என்பது நாம் தட்டியதை இயந்திரமே அருகிலுள்ள கட்டத்துக்கு நகர்த்தி ஒழுங்காக்கும் வசதி. அதை அணைத்துவிட்டால் நம் கை எப்படி விழுந்ததோ அப்படியே பதிவாகும். யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். அணைத்துவிட்டு நீங்களும் நானும் தட்டினால் டில்லா வராது, தடுமாற்றம்தான் வரும்.

அவர் பீட்டுகளைக் கூர்ந்து கேட்டால் எல்லாம் சேர்ந்து தள்ளாடவில்லை என்பது தெரியும். ஹை-ஹாட் (ட்ரம் செட்டின் ஜோடித் தட்டு) ஒரு கணக்கில் போகும், கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) வேறொரு கணக்கில் விழும், ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள ட்ரம்) இரண்டுக்கும் ஒரு முடி முன்னால் வந்து நிற்கும். எம்பிசியில் ஒரு தாள அடியை 96 நுண்கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஒரு நுண்கூறு ஏறக்குறைய 7 மில்லி விநாடி. இதில் ஸ்நேரை மட்டும் சில கூறுகள் முன்னே தள்ளினால் என்ன ஆகும்? கிக்கை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் காதுக்குக் கிக் சோம்பலாக, தாமதமாக வருவதுபோல் கேட்கும். அந்த இயந்திரத்தில் ஒரு ஒலியை மட்டும் முன்னே பின்னே நகர்த்தும் வசதி உண்டு, ஒன்றுவிட்டு ஒன்று வரும் அடியைச் சற்றுத் தாமதப்படுத்தும் ஸ்விங் என்ற வசதியும் உண்டு. ஸ்விங்கை 50 சதவீதத்தில் வைத்தால் நேர் நடை, 66 பக்கம் போனால் மூன்று மூன்றாக எண்ணும் நடையின் சாயல் வந்துவிடும், அதிகபட்சம் 75. பெரும்பாலோர் முழுப் பாட்டுக்கும் ஒரே அளவை வைத்துவிட்டுப் போவார்கள். டில்லா பீட்டுக்குள் நேர் நடையும் ஸ்விங் நடையும் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொண்டு போகும்.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு ஒன்று சொன்னால் பிடிபடும். பாட்டு சமத்தில் தொடங்காமல் அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுக்கும்போது தாளம் போடும் கைக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு இழுவை வருமே, அந்த இழுவையின் சுகம்தான் இதுவும். வித்தியாசம் என்னவென்றால் அங்கே இடைவெளி எண்ணக்கூடியது, இங்கே எந்த எண்ணிக்கைக்கும் அடங்காத அளவுக்குச் சின்னது. உடம்பால்தான் உணர முடியும்.

ஆக, அது கவனக்குறைவில் வந்த பிசகு கிடையாது. இரண்டாம் முறை வரும்போதும் அதே இடத்தில் அதே அளவு தள்ளி விழுகிறது, நாலு நிமிடமும் அப்படியே. ஒருவர் முடிவெடுத்து வைத்த இடம் அது. இயந்திரம் துல்லியமானது என்பதால்தான் இந்தத் தள்ளலையும் அவ்வளவு துல்லியமாகத் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தது. என்னைப் பொறுத்தவரை அவர் தொழில் வாழ்க்கையின் மொத்தச் சொத்தும் இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வந்தவை.

முதல் பெரிய வாய்ப்பு எப்படி வந்தது?

1994-ல் லாலாபலூசா என்ற சுற்றுப்பயண இசைவிழாவில் ஆம்ப் ஃபிட்லர் ஜார்ஜ் கிளின்டனோடு வாசித்தார், அதே விழாவில் நியூயார்க்கின் எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் குழுவும் இருந்தது. அந்தக் குழுவின் கியூ-டிப்பிடம் எங்கள் ஊரில் ஒரு பையன் இருக்கிறான், கேட்டுப் பாருங்கள் என்று ஆம்ப் அறிமுகம் செய்துவைத்தார். கியூ-டிப் டேப்பைக் கேட்டார், அசந்துபோனார், தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்றைக்கும் இந்தத் தொழிலில் முதல் கதவு இப்படித்தான் திறக்கிறது, நம் டேப்பை நமக்காக இன்னொருவர் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1995-ல், லாஸ் ஏஞ்சலஸின் ஃபார்சைடு குழுவின் 'லேப்கேபின்கலிஃபோர்னியா' ஆல்பத்தில் பல பாடல்கள் அவருடையவை. அதில் 'ரன்னின்' கேளுங்கள். ஸ்டான் கெட்ஸும் பிரேசிலின் லூயிஸ் போன்ஃபாவும் சேர்ந்து வாசித்த பழைய போசா நோவா (பிரேசில் இசைவகை) பதிவிலிருந்து எடுத்த கிட்டார் துண்டு அது, அதன் கீழே உருளும் கிக் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழவே விழாது. 'ட்ராப்' பாட்டும் இதே ஆல்பம்தான், ஸ்பைக் ஜோன்ஸ் பின்னோக்கி ஓடும்படி எடுத்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள், அதற்காகக் குழுவினர் வரிகளைத் தலைகீழாக மனப்பாடம் செய்தார்கள். 1996-ல் டி லா சோல் குழுவின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை', அப்புறம் ராப்பர் பஸ்டா ரைம்ஸுக்கு வேலை, 1999-ல் கியூ-டிப்பின் முதல் தனி ஆல்பமான 'ஆம்ப்ளிஃபைடு'.

இவ்வளவு செய்தும் அப்போது ஏன் பெயர் வெளியே தெரியவில்லை?

ஒரு காரணம் தி உம்மா. கியூ-டிப், அவர் குழுவின் அலி ஷாஹீத் முகம்மது, டில்லா மூவரும் சேர்ந்த தயாரிப்புக் கூட்டணி அது. ட்ரைப்பின் 1996 ஆல்பம் 'பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்', 1998-ல் வந்த 'தி லவ் மூவ்மென்ட்' இரண்டும் அந்தப் பெயரில்தான். உள்ளே எந்தப் பீட் யாருடையது என்று கேட்பவருக்குத் தெரியாது. அதனால் அவருக்குச் சேர வேண்டிய புகழில் ஒரு பங்கு கூட்டணிப் பெயருக்குள் கரைந்துபோனது உண்மை. அதே சமயம் அந்தப் பெயர் இல்லாமல் டிட்ராய்ட்டில் பேஸ்மென்டில் இருந்த இருபத்திரண்டு வயதுக்காரருக்கு நியூயார்க்கில் அந்த வேலைகள் வந்திருக்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

பாடகி ஜேனட் ஜாக்சனின் 1997 பாட்டு 'காட் டில் இட்ஸ் கான்' விஷயமும் உண்டு. அட்டையில் தயாரிப்பு ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ், ஜேனட் என்று இருக்கிறது, அதன் தாளம் தங்களுடையது என்று உம்மா தரப்பு சொல்லிவந்தது. டில்லா அதற்குச் செய்த ரீமிக்ஸின் பெயரே 'ஜே டீஸ் ரிவெஞ்ச் மிக்ஸ்', பழிவாங்கும் மிக்ஸ். மனதில் என்ன இருந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்னொரு காரணம், அவர் பேசாதவர். பேட்டி கொடுப்பது, கேமரா முன் நிற்பது இதிலெல்லாம் நாட்டமில்லை. ஊரை விட்டு நியூயார்க் போய்க் குடியேறவும் இல்லை, அவரைத் தேடி ஆட்கள் டிட்ராய்ட்டுக்கு வந்தார்கள்.

ஸ்லம் வில்லேஜ் அவருடைய குழுவா?

ஆமாம், பள்ளிக்கூட நண்பர்கள் டி3, பாட்டீன், இவர் மூவரும் சேர்ந்தது. முதல் பதிவு 'ஃபேன்-டாஸ்-டிக் வால்யூம் 1' 1997 வாக்கில் கேஸட்டாகக் கைமாறிக் கைமாறிப் பரவியது, முறையாகக் கடைக்கு வரும் முன்னாலேயே இசைக்காரர்கள் நடுவே பிரபலம். 2000-ல் 'வால்யூம் 2' வந்தது. அடுத்த ஆண்டு டில்லா குழுவிலிருந்து விலகி, லண்டனின் பிபிஇ நிறுவனத்துக்காக 'வெல்கம் டு டிட்ராய்ட்' என்று சொந்த ஆல்பம் செய்தார்.

சோல்குவேரியன்ஸ் யார்?

1990-களின் கடைசியில் நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் கூடிய ஒரு கூட்டம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய ஸ்டூடியோ அது. தி ரூட்ஸ் குழுவின் ட்ரம்மர் குவெஸ்ட்லவ், பாடகர் டிஆஞ்சலோ, கீபோர்டு ஜேம்ஸ் பாய்சர், டில்லா நால்வரும் மையம், சுற்றிலும் ராப்பர் காமன், பாடகி எரிக்கா படு போன்றவர்கள். 2000-ல் மட்டும் காமனின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்', டிஆஞ்சலோவின் 'வூடூ', எரிக்கா படுவின் 'மாமாஸ் கன்' மூன்றும் வந்தன. ஒரே ஆண்டில் இப்படி மூன்று!

குவெஸ்ட்லவ் பல முறை சொல்லியிருக்கிற கதை ஒன்று உண்டு. ஃபார்சைடு நிகழ்ச்சி நடந்த அரங்குக்கு வெளியே நிற்கிறார், உள்ளேயிருந்து கிக் சத்தம் வருகிறது, தாளமே தெரியாத குழந்தை அடிப்பதுபோல் இருக்கிறது, ஆனால் விடவும் முடியவில்லை. இது யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு உள்ளே போனார். அதுவரை மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) மாதிரி வாசிப்பதையே பெருமையாக நினைத்தவர், அப்புறம் வேண்டுமென்றே பின்தங்கி வாசிக்கப் பயிற்சி எடுத்தார். 'வூடூ'வில் டில்லாவுக்குத் தயாரிப்புப் பெயர் இல்லை, ஆனால் அந்த ஆல்பத்தின் ட்ரம் முழுக்க அவர் நிழல்தான். இயந்திரத்தில் ஒருவர் செய்ததை மனிதர்கள் கையால் வாசித்துக் கற்றுக்கொண்டார்கள் என்பது இசை வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

இந்தத் தொழிலில் பணம் எப்படி வரும்?

பொதுவாக மூன்று வழி. பீட்டுக்கு முன்பணம் ஒன்று. அந்தப் பதிவு விற்பதில் சில சதவீதம், இதை 'பாயின்ட்' என்பார்கள், மூன்று நான்கு பாயின்ட் என்பது வழக்கம், முன்பணத்தைக் கழித்தபிறகுதான் கைக்கு வரும். மூன்றாவது பாட்டை எழுதியவர் என்ற முறையில் வரும் பப்ளிஷிங் பங்கு. நீண்ட நாளைக்குச் சோறு போடுவது இந்த மூன்றாவதுதான், இதில் கையெழுத்துப் போடும்போதுதான் நிறைய இளைஞர்கள் ஏமாறுகிறார்கள்.

சாம்பிள் வைத்துச் செய்பவருக்கு அந்த மூன்றாவதிலும் கை வைப்பார்கள். காமனின் 'தி லைட்' கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, டில்லாவின் மிகவும் தெரிந்த வேலைகளில் ஒன்று. அதன் அடித்தளம் பாபி கால்டுவெலின் 'ஓப்பன் யுவர் ஐஸ்', எனவே எழுத்தாளர் பட்டியலில் கால்டுவெல் தரப்பும் உண்டு, பங்கும் அவர்களோடு பிரிந்தது. நியாயம்தான். ஆனால் பாட்டு எவ்வளவு ஓடினாலும் பீட் செய்தவர் கையில் நாம் நினைக்கிற தொகை நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சாம்பிள் எடுப்பது திருட்டு இல்லையா?

அனுமதி வாங்கினால் இல்லை. ஒரு பதிவில் இரண்டு உரிமை இருக்கிறது, மெட்டுக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு ஒன்று. இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். 1980-களில் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. 1991-ல் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பு சொன்னது, அன்றிலிருந்து கம்பெனிகள் பயந்துவிட்டன. 2005-ல் பிரிட்ஜ்போர்ட் வழக்கில், ஃபங்கடெலிக் பாட்டிலிருந்து எடுத்த இரண்டு விநாடி கிட்டாருக்குக்கூட அனுமதி வேண்டும் என்று ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டிட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. 2016-ல் கலிஃபோர்னியா பக்கத்து ஒன்பதாவது சர்க்யூட் அதை ஏற்காமல், கால் விநாடி கூட இல்லாத ஒரு ஹார்ன் ஒலிக்கு அனுமதி தேவையில்லை என்று முடிவு செய்தது. ஆக, அமெரிக்காவிலேயே இரண்டு விதமான சட்டம்.

கலையாக இது திருட்டா என்று கேட்டால், கீழே 'டோன்ட் க்ரை' பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அந்த இரண்டு பாட்டையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெரிய கம்பெனியோடு என்ன ஆச்சு?

எம்சிஏ என்ற பெரிய இசைப்பதிவு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அவர் செய்ய நினைத்தது எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு, மற்றவர்கள் பீட் செய்ய இவர் ராப் பாடுவது. கம்பெனிக்குள் ஆட்கள் மாறினார்கள், 2003-ல் எம்சிஏவே கெஃபன் என்ற இன்னொரு நிறுவனத்துக்குள் கலைந்துபோனது, ஆல்பம் அலமாரியில் படுத்துவிட்டது. அது 'தி டயரி' என்று வெளிவந்தது 2016-ல், அவர் போய்ப் பத்து ஆண்டு கழித்து.

அந்தக் கோபத்தில் 2003-ல் 'ரஃப் டிராஃப்ட்' என்று ஒரு குறும்பதிவைத் தன் சொந்த லேபிளிலேயே வினைல் ரெக்கார்டாக வெளியிட்டார், ஜெர்மனியின் க்ரூவ் அட்டாக் விநியோகித்தது. கேஸட்டிலிருந்து நேராக வந்ததுபோல் கரடுமுரடான ஒலி. மினுக்கல் எதுவும் இல்லை. என் கணிப்பில் அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஆல்பமான 'டோனட்ஸ்' வந்த பாதை இங்கேதான் தொடங்குகிறது.

மேட்லிப்போடு சேர்ந்தது?

மேட்லிப் இவரைப் போலவே பீட்டும் செய்வார், ராப்பும் பாடுவார். அதே 2003-ல், இருவரும் சேர்ந்து ஜேலிப் என்ற பெயரில் 'சாம்பியன் சவுண்ட்' ஆல்பம் செய்தார்கள். பாதிப் பாட்டில் மேட்லிப் பீட்டுக்கு டில்லா ராப், மீதியில் டில்லா பீட்டுக்கு மேட்லிப் ராப். அதன்பின் டில்லா லாஸ் ஏஞ்சலஸுக்கே குடிபெயர்ந்தார், கொஞ்ச காலம் காமனோடு ஒரே வீட்டில். டில்லா இறந்தபிறகு, 2007-ல், மேட்லிப் பழைய இந்திய சினிமா ரெக்கார்டுகளை நறுக்கி 'பீட் கண்டக்டா இன் இந்தியா' செய்தார், நம்மவர்கள் தேடிக் கேட்கலாம். அதே வரிசையில் அடுத்து வந்த இரண்டு பாகங்களையும் டில்லாவுக்கே சமர்ப்பித்தார்.

என்ன நோய்?

டிடிபி என்ற அரிதான இரத்த நோய். நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் கட்டிகளாக உறையும், தட்டணுக்கள் குறைந்துபோகும். 2002-ல் தெரிய வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயும் இருந்தது. கடைசி ஓராண்டில் பெரும்பகுதி மருத்துவமனையில். 2005 கடைசியில் ஐரோப்பா போய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடையில் பாடினார்.

'டோனட்ஸ்' முழுக்க மருத்துவமனைப் படுக்கையில் செய்ததா?

முழுக்க இல்லை. ஒரு சின்ன சாம்பிளரும் போர்ட்டபிள் ரெக்கார்டு பிளேயரும் படுக்கை அருகே இருந்ததையும், அவர் வீங்கிய விரல்களைத் தான் பிடித்துவிட்டதையும் அம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஆல்பத்தின் அடிப்படை 2005-ல் அவர் வெளியே இருந்தபோது செய்த ஒரு பீட் டேப். அதை ஆல்பமாக நீட்டி அடுக்கியதில் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனத்தின் ஜெஃப் ஜாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. சாகும் தறுவாயில் எழுதிய கடைசிக் கடிதம் என்ற கதை உருக்கமாக இருப்பதால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நோய்தான் அவரை மேதையாக்கியது என்று தொனித்துவிடுகிறது, பத்து ஆண்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து உழைத்தது மறைந்துபோகிறது.

சரி, 'டோனட்ஸ்' எப்படிக் கேட்க வேண்டும்?

31 துண்டுகள், மொத்தம் 43 நிமிடம் பக்கம், பெரும்பாலானவை இரண்டு நிமிடம்கூட இல்லை. 2006 பிப்ரவரி 7, அவர் பிறந்தநாளன்று வெளியானது. முதல் துண்டின் பெயர் 'அவுட்ரோ', கடைசித் துண்டு 'வெல்கம் டு தி ஷோ'. முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடக்கத்துக்குப் போகும், வட்டம். இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.

ஒரே ஒரு துண்டைப் பிரித்துச் சொல்கிறேன், 'டோன்ட் க்ரை'. மூலம் தி எஸ்கார்ட்ஸ் என்ற குழுவின் பழைய சோல் பாட்டு, நீ அழுவதைப் பார்க்கத் தாங்காது என்று பாடுவார்கள். டில்லா முதலில் மூலத்தை ஏறக்குறைய அப்படியே ஓட விடுகிறார். இதுதான் பாட்டு, கேட்டுக்கொள் என்பதுபோல. பிறகு அதைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக நறுக்கி, இடம் மாற்றி வாசிக்கிறார். ஒவ்வொரு துணுக்கும் ஒரு அடியோடு வெட்டப்பட்டிருக்கிறது, எனவே மூலத்தின் ஸ்நேரே புதுப் பீட்டின் ஸ்நேராகிவிடுகிறது, தனியாக ட்ரம் போடவே தேவையில்லை. குரல்கள் முழு வார்த்தையாக வராமல் பாதியில் அறுந்து, அறுந்த நுனிகள் சேர்ந்து ஒரு புதுச் சந்தமாகின்றன. கையில் 16 பட்டை கொடுத்து இதே பாட்டை நறுக்கச் சொன்னால் எங்கே வெட்டுவது என்பதிலேயே நம்மில் பலர் நின்றுவிடுவோம். எந்த இடத்தில் வெட்டினால் அழுகை மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இறந்தபிறகு?

பாதியில் நின்ற 'தி ஷைனிங்' ஆல்பத்தை ட்ரம்மர் கரீம் ரிக்கின்ஸ் முடித்துக்கொடுக்க, 2006 ஆகஸ்டில் வந்தது. இன்னொரு பக்கம், வரிக்கடன் இருந்தது, சொத்தை நிர்வகிப்பதில் வழக்கறிஞர்கள், நிர்வாகிகள், குடும்பம் என்று பல ஆண்டு இழுபறி. மகன் செய்த இசையிலிருந்து அம்மாவுக்கே எதுவும் சேராத காலமும் இருந்தது, மருத்துவச் செலவு வேறு. உயிலும் கணக்கு வழக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எந்தக் கலைஞரிடமும் நான் கெஞ்சிச் சொல்வது இதை நினைத்துத்தான்.

அவர் எம்பிசி3000 இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கூடவே அவருடைய மினிமூக் சின்தசைசரும். இரண்டையும் அம்மாதான் கொடுத்தார்.

இன்று யாரிடம் அவர் சாயல் கேட்கிறது?

ராபர்ட் கிளாஸ்பரின் பியானோ, கிறிஸ் டேவின் ட்ரம், லோ-ஃபை பீட் என்று படிக்கும்போது ஓட விடுகிறார்களே அது எல்லாம் இவர் வழி வந்தவை. லோ-ஃபை பட்டியல்களில் பாதி வெறும் தள்ளாட்டத்தை மட்டும் நகல் எடுத்தவை என்பது என் அபிப்பிராயம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் 'ரன்னின்', 'தி லைட்', எரிக்கா படுவின் 'டிட்ன்ட் சா நோ'. பிடித்தால் 'ஃபேன்டாஸ்டிக் வால்யூம் 2'. அப்புறம் 'டோனட்ஸ்'. நேராக 'டோனட்ஸ்'-க்குப் போனவர்கள் சிலர் ஒன்றும் புரியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

எனக்கும் பீட் செய்ய ஆசை. எம்பிசி வாங்க வேண்டுமா?

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். கையில் இருக்கும் கம்ப்யூட்டரோ ஃபோனோ போதும். பிடித்த ஒரு பாட்டை எடுங்கள், ஹை-ஹாட், கிக், ஸ்நேர் மூன்றையும் தனித்தனி வரிசையில் போடுங்கள். முதலில் எல்லாவற்றையும் கட்டத்தோடு ஒட்டவைத்துக் கேளுங்கள். அடுத்து ஸ்நேரை மட்டும் 10 மில்லி விநாடி முன்னே தள்ளுங்கள், கேளுங்கள், 20 தள்ளுங்கள், மறுபடி கேளுங்கள். பிறகு அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஹை-ஹாட்டுக்கு மட்டும் ஸ்விங் கொடுங்கள். தலை தானாக ஆடுகிற அளவு ஒன்று அகப்படும், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் புதுக் காதோடு கேளுங்கள். அப்போதும் ஆடினால் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் எடுத்துச் செய்ததை வெளியே போடுவதாக இருந்தால் மட்டும் அனுமதி விஷயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள், பாட்டு பிரபலமானபிறகு கேட்கப் போனால் விலை வேறாக இருக்கும்.